பரண் படிவியல்: அரியலூர், பெரம்பலூர் வட்டார மின்னணுத் தொல்லெச்சங்கள் குறித்து ஓர் அறிமுக ஆய்வு

1. ஆய்வின் தேவை

தோண்டினால் கடல் கிளம்பும் ஊர் அரியலூர். சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் சங்கும் சிப்பியும் சுருண்ட அம்மோனைட்டும் கிடைக்கின்றன. கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது மனிதன் என்ற தொல்லையே இல்லாத நாளில், இங்கே அலையடித்தது. எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862-ல் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். பின்னாலேயே வந்த ஸ்டோலிச்கா, இவற்றில் கிடைத்த உயிரினங்களை விவரித்துப் புத்தகம் புத்தகமாக எழுதிக் குவித்தார். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருப்பதை 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னார்.

இத்தனை அறிஞர்களும் குனிந்தே பார்த்தார்கள். ஒருவராவது அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஆள் உயரத்துக்கு மேலே, தூசி படிந்து, எலி குடியிருந்து, அடுக்கடுக்காகக் கிடக்கும் இன்னொரு படிவுப் பாறையைக் கண்டிருப்பார்கள். ஓட்டு வீட்டில் இதைப் பரண் என்பர். தளம் போட்ட வீட்டில் சிலாப் அல்லது லாப்ட் என்பர். ஆய்வுக்கு இந்த வேறுபாடு முக்கியமில்லை. ஏறுவதற்குத்தான் முக்கியம்.

படிவு உருவாகும் விதம் எளியது. ஒரு பொருள் வேலை செய்யாமல் போகிறது. "ஒரு ஒயருதான் விட்டிருக்கும்" என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். மெக்கானிக் கடை, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை மாதிரி வாரத்தில் திங்களும் வெள்ளியுமே திறந்திருக்கிறது. பொருள் தற்காலிகமாக மேலே ஏற்றப்படுகிறது. இந்தத் தற்காலிகம் என்ற கால அளவை நிலவியலாளர்கள் நன்கு அறிவார்கள்.

2. முந்தைய ஆய்வுகள்

எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவற்றிலிருந்துதான் இந்தக் கட்டுரை எழுதப்பட்டிருக்கும்.

3. ஆய்வின் எல்லை

ஸ்டூலின் உயரம்.

4. காலக்கணிப்பு

தொல்லியலில் ஒரு பொருளின் வயதைக் கண்டறியக் கரித்துண்டை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அறிக்கை வந்ததும் அதை ஒரு கட்சி மேடையில் வாசிக்கிறது. மறு கட்சி மறுக்கிறது. பரண் படிவியலுக்கு இந்தச் செலவு கிடையாது. இங்கே வழிகாட்டிப் படிவமாக விளங்குவது வாரண்டி அட்டை.

வாரண்டி அட்டையை இவ்வட்டார மக்கள் பொருளைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வாரண்டி முடிந்த பிறகு இன்னும் பத்திரமாக. அதில் விலாசம் என்ற இடத்தில் கடைக்காரர் கிறுக்கியிருக்கும் மாவட்டத்தின் பெயரைப் பார்த்தால் போதும். செந்துறைப் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீடு நகரவில்லை. ஆனால் 1995 வரை அது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிறக்க, வீடு அங்கே போயிற்று. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச்சில் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் அரியலூர். கணினி மொழியில் சொன்னால், நிறுவி, நீக்கி, மறுபடி நிறுவிய மாவட்டம் இது. நீக்கியதற்கும் மறுபடி நிறுவியதற்கும் நடுவே கணினியில் என்னென்ன காணாமல் போகுமோ அவையெல்லாம் தாலுகா அலுவலகக் கோப்புகளிலும் காணாமல் போயிருக்கும் என்பது இவ்வாய்வாளரின் துணை ஊகம்.

ஆக, அட்டையில் 'திருச்சி மாவட்டம்' என்றிருந்தால் அது 1995-க்கு முந்தைய படிவு. 'பெரம்பலூர் மாவட்டம்' என்றிருந்தால் முதற் பெரம்பலூர்க் காலமா, இடைப் பெரம்பலூர்க் காலமா என்று மையின் நிறம் கொண்டு முடிவு செய்ய வேண்டும். மிக அரிய படிவு 2001 ஜனவரிக்கும் 2002 மார்ச்சுக்கும் இடைப்பட்டது. ஏறத்தாழ 15 மாதமே நீடித்த மெல்லிய அடுக்கு இது. இந்த இடைக்கால அரியலூர் அடுக்கைச் சேர்ந்த மிக்சி வாரண்டி அட்டை ஒன்று கிடைத்தபோது இவ்வாய்வாளருக்குக் கை நடுங்கியது. ஸ்டூல் நடுங்கியதாகக் கீழே நின்றவர் கூறுகிறார் (எதிர் வீட்டுத் திண்ணை, வாய்மொழி).

5. தொலைக்காட்சி அடுக்குகள்

மிகக் கீழே, சுவரை ஒட்டிக் கிடப்பது ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. சாலிடேர், டயனோரா போன்ற சென்னைத் தயாரிப்புகள் இவ்வடுக்கில் மிகுதி. மரப் பெட்டி, இருபுறமும் இழுத்து மூடும் கதவு, கதவுக்குப் பூட்டு. சாவி அப்பாவின் சட்டைப் பையில். இன்று பெற்றோர் கட்டுப்பாடு என்ற பெயரில் ஒவ்வொரு செயலியும் நாலு அடையாளம் கேட்கிறது. அன்று ஒரு பித்தளைச் சாவி இந்த வேலையைப் பிழையில்லாமல் செய்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் மட்டும் சாவி தானாகவே பையை விட்டு வெளியே வந்தது.

இவ்வடுக்கோடு சேர்த்து ஆராய வேண்டியது ஆன்டெனா. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அதன் படம் நம் ஊரில் தெரிவதற்கு ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப வேண்டும், ஒருவர் வாசலில் நின்று செய்தி கடத்த வேண்டும், ஒருவர் திரைக்கு முன் அமர்ந்து தீர்ப்பு சொல்ல வேண்டும்.

"தெரியுதா?"

"புள்ளியா வருது."

"இப்ப?"

"அட, வந்துச்சு, போயிருச்சு. அப்படியே நில்லு."

அப்படியே நின்றவர்தான் அன்றைய படத்தைப் பார்க்காதவர். இரு கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும் நடைமுறையைக் கணினித் துறையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் வாசலில் நின்றவரின் பங்கு விடுபட்டுள்ளது.

இதற்கு மேலே, எல்லா வீட்டுப் பரணிலும் தவறாமல் காணப்படுவது 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. 1980-ல் அல்வாரெஸ் என்ற தந்தையும் மகனும் உடனிருந்தோரும், உலகின் பல பகுதிகளில் ஒரே காலத்துக் களிமண் படுகையில் இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டி, டைனோசர்களின் முடிவுக்கு விண்கல்லே காரணம் என்றார்கள். தமிழ்நாட்டுப் பரண்களின் இரிடியம் இந்த 14 அங்குலத் தொலைக்காட்சி. 2006-ல் தொடங்கிய இலவசத் திட்டம் ஒரே காலத்தில், ஒரே அளவில், ஊர் பேதமின்றி இதை எங்கும் படியவைத்தது. இதற்கு மேலே 2011-க்குப் பிந்தைய இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி ஆகியவை படிந்துள்ளன. இரு ஆட்சிக் காலப் படிவுகளும் சண்டையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அமைதியாகக் கிடப்பதைத் தமிழ்நாட்டில் பரணில் மட்டுமே காணலாம்.

அதற்கும் மேலே செட்டாப் பாக்ஸ். 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்த காலத்தின் ஒயர்களும் உண்டு. ஒயர்களைப் பிரித்து ஆராய முயன்ற முதல் நாளே இவ்வாய்வாளர் அந்தத் துணைத் துறையைப் பின்வரும் தலைமுறைக்கு விட்டுவிட்டார்.

6. விளையாட்டுகள்

பரணில் கிடைக்கும் விளையாட்டுக் கருவி ஒன்றே: கேசட் செருகும் டிவி கேம். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் போலிக்குப் போலி. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவை சில ஆட்டங்களே. அவையே வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். நம் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளைப் புரட்டியவர்களுக்கு இம்முறை புதிதல்ல.

கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகுவார்கள். ஓடும். ஊதியதால் ஓடியது என்பது ஊர் வழக்கு. கழற்றிச் செருகியதில் உலோகப் பட்டைகள் புதிதாக ஒட்டியதால்தான் ஓடியது. எச்சில் ஈரம் பட்டையை அரிக்கவே செய்யும். இதைச் சொன்னதற்காக ஆய்வாளர் ஒரு வீட்டில் காப்பி தரப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டார்.

இக்கருவியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். திரையில் பறக்கும் வாத்தைச் சுட வேண்டும். துப்பாக்கியிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக் குழலில் உள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து செத்தது. அதாவது வாத்துதான் நம்மைச் சுடுகிறது. பழைய பிக்சர் டியூப் திரையின் வேகத்துக்கே இந்தக் கணக்கு பொருந்தும் என்பதால், புதிய தட்டைத் திரையில் எந்த வாத்தும் சாகாது. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதைத் தனியே ஆராய வேண்டும். நிதி தேவை.

கைப்பேசி விளையாட்டுகள் பரணில் ஏறுவதில்லை; 2020 செப்டம்பர் 2-ல் தடைசெய்யப்பட்ட பப்ஜி எங்கே போயிற்று என்று கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

7. மென்பொருள்

ஓடு இல்லாத உயிர்கள் படிவமாவது அரிது. மென்பொருளும் அவ்வாறே. அதன் ஓடாகிய சிடி மட்டும் மக்காச்சோளக் காட்டில் குருவி ஓட்டக் கயிற்றில் தொங்குகிறது. இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்த பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். ஆய்வுக்குக் கிடைத்த மடிக்கணினிகளில் அது திறக்கப்பட்டதற்கான தடயம் கிட்டவில்லை. கல்லாகாமலேயே அழிந்த இனம்.

ஓர் எச்சரிக்கை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறந்தது. வல்லுநர்கள் வந்து பார்த்து, இவை அம்மோனைட் சார்ந்த படிவுகள் என்றார்கள். அதே போல், கணினி அடுக்கில் கனமான, ரப்பர் பூசிய சிறு உருண்டை ஒன்று அடிக்கடி கிடைக்கிறது. பரண் உரிமையாளர்கள் இதைக் கோலிக்குண்டு என்றும், ஒரு வீட்டில் ஏதோ பூச்சியின் முட்டை என்றும் கூறினர். அது பழைய மவுஸின் வயிற்றில் உருண்ட பந்து. முட்டை எனக் கருதி அதை அடைகாத்த கோழி பற்றிய தகவல் சுவையானது. ஆனால் ஒரே ஒரு சான்றையே நம்பியிருப்பதால் சேர்க்கப்படவில்லை (பால் கணக்கு நோட்டு, பின்னட்டையின் உட்பக்கம், பென்சில் பதிப்பு).

8. ரிமோட்

'ரிமோட்டஸ் பாலிதீனஸ் அரியலூரென்சிஸ்' என்று இவ்வாய்வாளர் ரிமோட்டுக்குப் பெயரிடுகிறார். ஊர்ப் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டினால் கண்டுபிடிப்பு ஆகிவிடும் என்பது உயிர்ப்படிவத் துறையில் நெடுநாள் நம்பிக்கை. வால் இடத்தில் வழிகாட்டிப் பேராசிரியரின் பெயரை ஒட்டினால் பட்டமே வந்துவிடும்.

ரிமோட் வேலை செய்யாதபோது என்ன செய்வது என்பதில் மூன்று பள்ளிகள் உள்ளன. தட்டுப் பள்ளியினர் உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுவர். வெயில் பள்ளியினர் பேட்டரியைக் கழற்றி மாடியில் வடகத்தின் பக்கத்தில் காயவைப்பர். கடிப் பள்ளியினர் பேட்டரியைக் கடிப்பர். இவர்களிடம் கொள்கை உறுதி உண்டு, கடைவாய்ப் பல் குறைவு.

தட்டுப் பள்ளிக்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. 1956-ல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் ராபர்ட் ஆட்லர் உருவாக்கிய ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியைக் கேட்டுத் தொலைக்காட்சி அலைவரிசை மாற்றும். எனவே தட்டுவதே மூலம், அகச்சிவப்பு ஒளியெல்லாம் இடைச்செருகல் என்கிறார்கள் இப்பள்ளியினர். நம்மூர்த் தட்டலில் நடப்பது வேறு: ஸ்பிரிங்கில் படிந்த துரு சற்று உரசி விலக, பேட்டரி நல்ல இடத்தில் போய் உட்காருகிறது. வெயில் பள்ளியினர் சொல்வதிலும் உண்மை உண்டு. சூடேறினால் துத்தநாகப் பேட்டரியின் உள்ளே வேதிவினை கொஞ்சம் விரைவுபடும். ஒரு சீரியல் முடியும் வரை தாங்கும். இந்தத் தலைப்பை வைத்து இரு பள்ளியினரும் நடத்திய விவாதத்தில் உறுதியான முடிவு எட்டப்படவில்லை, அதற்குள் கரண்ட் போயிற்று (பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாள், மூன்றாம் மடிப்பு, எண்ணெய்க் கறையால் தொடர்ச்சி படிக்க இயலவில்லை).

9. பாதுகாப்பு: சமையலறைச் சுவர்க் கல்வெட்டு

இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுவே. ஆகவே விரித்துரைக்கப்படுகிறது.

அரியலூர் மாவட்டத்தில், பெயர் வெளியிட விரும்பாத ஒரு வீட்டில், பரணுக்குக் கீழே, கேஸ் அடுப்புக்கு இடப்புறம், சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் எழுதிய கல்வெட்டு ஒன்று படியெடுக்கப்பட்டது. பாடம் வருமாறு:

பால் 2 லிட்டர் பாக்கி
கேஸ் (எண் சிதைவு)
வைபை: பெரிய . . . பி சின்ன பி . . . அட் 1 2 3
யாரும் அழிக்காதீங்க

முதல் வரி பொருளியல் செய்தி. இரண்டாம் வரி ஆட்சித் தொடர்பு. நான்காம் வரி ஓம்படைக்கிளவி என்பதில் ஐயமில்லை. பழைய தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில், இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது போன்ற சாபம் வரும். இங்கே சாபம் எழுத்தில் இல்லை. அழித்தவருக்கு வாயாலேயே கிடைக்கும்.

சிக்கல் மூன்றாம் வரியில்தான். 'பெரிய' என்ற சொல்லுக்குப் பின்னுள்ள எழுத்துகள், தாளிக்கும்போது தெறித்த எண்ணெயால் மறைந்துள்ளன. எஞ்சியவற்றைக் கொண்டு முதல் பள்ளியினர் அளிக்கும் வாசிப்பு இது: 'பெரிய பி', 'சின்ன பி' என்போர் இரு குறுநில மன்னர்கள், உடன்பிறந்தோர். கல்வெட்டு கிடைத்த இடத்துக்கு அருகில் மேலப்பழுவூரும் கீழப்பழுவூரும் இருக்கின்றன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பெரிய பி பெரிய பழுவேட்டரையர். சின்ன பி சின்னப் பழுவேட்டரையர். ஆதாரமாக நாவலையா காட்டுவது என்று கேட்போர், நம் ஊர்த் தல வரலாறுகள் பலவற்றுக்கு எது ஆதாரம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

'அட்' என்பது ஊர். எங்கே இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வடக்கே என்பார் ஒரு சாரார். ஏரிக்குள் மூழ்கிவிட்டது என்பார் மற்றொரு சாரார். ஏரிக்குள் மூழ்கிவிட்டது என்று சொல்வதில் ஆய்வாளருக்குப் பெரிய வசதி உண்டு. '1 2 3' என்பதைத் தானமளித்த நிலத்தின் வேலிக் கணக்கு என்று கொள்வது மரபு. ஆட்சியாண்டு என்று கொண்டால் மன்னர் 123 ஆண்டு ஆண்டிருக்க வேண்டும்; அதையும் ஏற்றுக்கொண்டு எழுதிய கட்டுரைக்கு ஒரு கருத்தரங்கில் சான்றிதழும் கைப்பையும் மதியம் சாம்பார் சாதமும் கிடைத்தன.

இரண்டாம் பள்ளி எழுத்தியல் அடிப்படையில் மறுக்கிறது. இதே மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வரிவடிவ வேறுபாடு ஏற்படுத்திக் கொடுத்தார். தமிழ் எழுத்து பெற்ற நல்ல மேம்படுத்தல்களில் ஒன்று அது. நிறுவிய பிறகு யாரும் பழையதற்குத் திரும்பவில்லை, மறுதொடக்கமும் கேட்கவில்லை. ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாட்டை வீரமாமுனிவரும் தமிழுக்குக் கொண்டுவரவில்லை. எனவே 'பெரிய', 'சின்ன' என்பவை மன்னர்களைக் குறிப்பன அல்ல, வெளிநாட்டு எழுத்து முறை ஒன்றின் தாக்கம் என்கிறது இப்பள்ளி. சரியான திசை, ஆனால் இவர்கள் அங்கேயே நிற்காமல் அந்த வெளிநாடு கிரேக்கம் என்றும், யவன வணிகர் கொள்ளிடம் வழியே சமையலறைவரை வந்தனர் என்றும் தொடர்கிறார்கள் (காண்க: மேற்படி பஜ்ஜித் தாள், ஆனால் மறு பொட்டலம். இவ்விரு தாள்களும் ஒரே மாணவரின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் விடைத்தாளின் பகுதிகள் என்பதை ஓரக் கோட்டின் சாய்வு கொண்டு இவ்வாய்வாளர் முதன்முதலாக நிறுவுகிறார். இவ்விடைக்கு 5-க்கு 1 மதிப்பெண் போடப்பட்டுள்ளது. இதைவிடக் குறைந்த சான்றுகளுக்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டிருப்பதால் திருத்தியவர் கடுமை காட்டிவிட்டார் என்றே கருத வேண்டும். தாளின் எஞ்சிய பகுதி வடைக்குப் போனதாகக் கடைக்காரர் தெரிவித்தார், வடை தீர்ந்துவிட்டது).

விவாதம் இவ்வாறு சூடேறியிருந்த வேளையில், அந்த வீட்டின் எட்டாம் வகுப்புச் சிறுமி குறுக்கே வந்து, "அண்ணா, அது அப்பா-ங்கிறதோட இங்கிலீஷ் எழுத்து. பெரிய ஏ, சின்ன பி, சின்ன பி, சின்ன ஏ. அப்புறம் அட், ஒண்ணு ரெண்டு மூணு" என்று சொல்லிவிட்டு ஆய்வாளரின் கைப்பேசியை வாங்கித் தட்டினாள். வைபை கிடைத்தது. இச்சான்று வாய்மொழியாக இருப்பதாலும், சொன்னவருக்கு உரிய கல்வித் தகுதி இல்லாததாலும், முடிவு ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாலும் ஏற்கப்படவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். கடவுச்சொல்லைச் சுவரில் எழுதலாமா? வங்கியிலும் கல்லூரிக் கணினி அறையிலும் எழுதாதே என்றுதான் அதட்டுகிறார்கள். கணினிக் கடவுச்சொல்லின் வரலாறோ வேறு பாடம் சொல்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில், பலர் பகிர்ந்து பயன்படுத்திய சிடிஎஸ்எஸ் என்ற கணினி இயங்கு முறைமைக்குக் கடவுச்சொல் வைத்தார்கள். 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் கூடுதல் கணினி நேரம் வேண்டி, எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அப்படியே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். அறியப்பட்ட முதல் திருட்டே ஆய்வு மாணவர் கையால் நடந்தது என்பதில் நம் துறைக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பிறகு 2003-ல் அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகத்தின் பில் பர் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று உலகமே நம்மைப் படுத்தியது அங்கிருந்துதான் பரவியது. மனிதர்கள் என்ன செய்தார்கள்? அப்பாவுக்குப் பின்னால் ஓர் அட், ஓர் 123. மாற்றச் சொன்னால் 124. கழகம் 2017-ல் இந்த விதிகளைத் திருத்தியது. காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக வைத்தால் போதும் என்றது. ஓய்வுபெற்றிருந்த பர், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அதே ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார். கல்வெட்டு வாசிப்பில் இத்தகைய முன்னுதாரணம் ஏதும் இதுவரை பதிவாகவில்லை.

எழுதி வைப்பதைப் பற்றியும் பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே சொல்லிவிட்டார்: நினைவில் நிற்கும் எளிய சொல்லைவிட, நல்ல சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்வது மேல். சுவர் பணப்பையைவிடப் பாதுகாப்பானது. பேருந்தில் யாரும் அடிப்பதில்லை. இணையத் திருடன் உலகின் எந்த மூலையில் இருந்தும் உங்கள் கணக்குக்குள் நுழையலாம். ஆனால் சுவரைப் படிக்க வேண்டுமானால் அவன் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடித்து அரியலூரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, வீட்டில் செருப்பைக் கழற்றி, "சாப்பிட்டீங்களா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, சமையலறைவரை வர வேண்டும். பெரம்பலூர் நகருக்கு ரயிலே கிடையாது. ஆகவே அங்குள்ள சுவர்கள் இன்னும் ஒரு படி பாதுகாப்பானவை.

சுவரின் மெய்யான குறை ஒன்றே. விருந்தாளி படிப்பார். சொந்தக்காரராலும் ஆபத்து வரும் என்பதைக் கணினிப் பாதுகாப்புத் துறை உள்ளாள் அச்சுறுத்தல் என்று வேறு பெயரில் சொல்கிறது. சுவரில் எழுதினாலும் அந்த 123-ஐ மட்டும் விட்டுவிடலாம். களவாடப்பட்டு வெளியான கடவுச்சொல் பட்டியல்களில் ஆண்டுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது 123456 தான். ஓடிபி எண்ணைச் சுவரில் எழுதும் வழக்கம் இல்லை. அதைத் தெருவுக்கே கேட்கும்படி போனில் சத்தமாகச் சொல்லும் வழக்கம் உண்டு. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவனாவது கேட்டால் அதைச் சொல்லக் கூடாது என்பது இந்தக் கட்டுரையில் விளையாட்டில்லாத வரி.

10. பேரழிவு

கிரெட்டேசியஸ் காலம் விண்கல்லால் முடிந்தது. பரண் படிவுகளின் காலம் போகியால் முடிகிறது. மார்கழிக் கடைசியில் ஒட்டடை அடிக்க ஏணி வருகிறது. அதற்குப் பின்னாலேயே பழைய இரும்புக்காரர் வருகிறார். ஒரு காலத்தில் இவர் ஷட்டர் டிவியின் உயிருக்கு ஈடாகப் பேரீச்சம்பழம் கொடுத்தார். இப்போது எடை போட்டுப் பணம் கொடுக்கிறார். பேரீச்சம்பழ முறையில் நியாயம் அதிகம் இருந்தது என்று ஆய்வாளரிடம் பலர் கூறினர். ஒருவர் பழத்தையே காட்டினார். அதுவும் ஏறக்குறையக் கல்லாகியிருந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப்போகும் வாசகர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைக்கவோ போகித் தீயில் போடவோ வேண்டாம், மின்னணுக் கழிவு எடுப்போரிடம் கொடுங்கள். இடைக்கால அரியலூர் வாரண்டி அட்டை கிடைத்தால் கிழித்துவிடாதீர்கள். சுவரில் எழுத்து ஏதும் இருந்தால் சுண்ணாம்பு பூசுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.